பஞ்ச காலமும் பைத்துல்மாலும்

ஒரு நாட்டின் கருவூலம் வற்றும்பொழுது அந்நாட்டு அரசாங்கம் முதலில் எதன்மீது கைவைக்கிறது என்பதே அவ்வரசாங்கத்தின் நெஞ்சை அளக்கும் அளவுகோலாகும். செழிப்புக் காலத்தில் எல்லா அரசுகளும் தருமவான்களாகவே காட்சி தருகின்றன. வறட்சிக் காலத்தில்தான் உண்மை வெளியாகிறது. ஏழையின் கூப்பனைக் குறைப்பதா, செல்வனின் ஆடம்பரத்தைக் குறைப்பதா, ஆட்சியாளனின் பந்தியைக் குறைப்பதா என்ற கேள்வி எழும்பொழுது கத்தி எங்கே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நம் இலங்கைத் திருநாடு அண்மைக் காலத்தில் கடந்துவந்த துன்பத்தை முன்வைத்து, இக்கேள்விக்கு நம் மார்க்கமும் நம் வரலாறும் தரும் விடையைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2019 டிசம்பரில், நாட்டின் வருமானம் ஏற்கனவே மெலிந்திருந்த நிலையில், பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் தளர்த்தப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே கொள்ளைநோய் வந்தது. உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது. வெளியே கடன் வாங்க இயலாத நிலையில் மத்திய வங்கியில் பணம் அச்சிடப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை வயல்களின் விளைச்சலைத் தாக்கியது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 சதவீதத்தையும் தொட்டன. ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. கூலி மட்டும் அப்படியே நின்றது.

பின்னர் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 கோடி டொலர் வழங்க இசைந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சிக்கன நடவடிக்கைகள் வரிசையாக வந்தன. மின்கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவில் உயர்த்தப்பட்டது. பெறுமதி சேர் வரி 8இலிருந்து 12, 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. அரச சேவையில் புதிய நியமனங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. பழைய சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே 2021இல் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் இருந்தனர். 2022இல் அவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேராயினர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. நான்கு வீடுகளுக்கு ஒரு வீடு!

இவ்விடத்தில் ஒரு வாதம் வழக்கமாக எடுத்துவைக்கப்படுகிறது. "வரவு குறைந்தால் ஒரு குடும்பம் செலவைக் குறைக்கின்றது, நாடும் ஒரு பெரிய குடும்பந்தானே?" என்கின்றனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் சற்று ஆழ்ந்து பாருங்கள். ஒரு குடும்பம் தன் செலவைக் குறைத்தால் அக்குடும்பத் தலைவனின் சம்பளம் அதனால் குறைவதில்லை. சம்பளம் வேறிடத்திலிருந்து வருகின்றது. நாட்டின் நிலை அதுவன்று. அரசாங்கம் ஒரு பாடசாலைக் கட்டடத்தை நிறுத்தினால் மேசனுக்குக் கூலி இல்லை. மேசனுக்குக் கூலி இல்லையேல் தெருமுனைக் கடைக்காரனுக்கு வியாபாரம் இல்லை. கடைக்காரன் தளர்ந்தால் அவன் செலுத்தும் வரி அரசாங்கத்திற்கு இல்லை. மிச்சம் பிடிக்கப் போய் வரவையே இழக்கும் நிலை இதனால் உண்டாகிறது.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் பெருமந்தத்திலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்த வேளையில், 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் செலவைச் சுருக்கியது. அது வேறு காரணங்களோடு சேர்ந்து, அடுத்த ஆண்டு வேலையின்மையை மீண்டும் பெருகச் செய்தது. 2010க்குப் பின் கிரேக்க நாட்டில் கடுமையான சிக்கனம் புகுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ காற்பங்கு சுருங்கியது. நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஒலிவியே பிளாஞ்சார் என்பாரே தம் சகா ஒருவருடன் 2013இல் வெளியிட்ட ஆய்வில், செலவுக் குறைப்பு பொருளாதாரத்தைத் தாக்கும் வேகத்தைக் கணிப்பாளர்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டனர் என்று எழுதினார்.

இனி நம் திருமறையின் பக்கம் திரும்புவோம். நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. மிஸ்ர் நாட்டு மன்னன் கண்ட கனவுக்கு அவர்கள் கூறிய விளக்கத்தில் ஒரு முழுப் பொருளாதாரக் கொள்கையே அடங்கியிருக்கின்றது. செழிப்பான ஏழு ஆண்டுகளில் உண்பதற்கு வேண்டிய சிறு பகுதி போக எஞ்சிய தானியத்தைக் கதிரோடு சேமித்துவைக்க வேண்டும். பஞ்சமான ஏழு ஆண்டுகளில் அச்சேமிப்பை எடுத்து உண்ண வேண்டும். இதில் வரிசையைக் கவனியுங்கள். கை இறுக வேண்டியது விளைச்சல் காலத்தில். கை திறக்க வேண்டியது பஞ்ச காலத்தில். நாம் செய்ததோ இதற்கு நேர்மாறு. கடன் கிடைத்த காலத்தில் கையைத் திறந்தோம். வரியைத் தளர்த்திக் களஞ்சியத்தின் கதவையும் திறந்துவைத்தோம். பஞ்சம் வந்த பின் கையை மூடினோம்.

இன்னொன்றையும் அவ்வரலாறு கற்பிக்கின்றது. களஞ்சியப் பொறுப்பை ஏற்க முன்வந்தபொழுது யூஸுப் (அலை) அவர்கள் தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளையே சுட்டினார்கள்: பாதுகாக்கும் பண்பு ஒன்று, அறிவு மற்றொன்று. குலத்தையும் கூட்டத்தையும் அவர்கள் சொல்லவில்லை. நாணயம் இருந்து அறிவு இல்லையேல் களஞ்சியம் வீணாகும். அறிவு இருந்து நாணயம் இல்லையேல் களஞ்சியம் களவாகும். கன்ஆனிலிருந்து வந்த அந்நியருக்கும் ஆளுக்கு ஓர் ஒட்டகச் சுமை என அளந்து கொடுத்தார்கள் என்பதும் எண்ணத் தக்கது. பங்கீடு என்பது அவமானமன்று. அது நபிமார் நடத்திய நீதி.

அடுத்து ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு அரபு நாட்டில் மழை பொய்த்தது. காற்று சாம்பலைப் போலப் புழுதியை வாரி இறைத்ததால் அது சாம்பல் ஆண்டு எனப் பெயர் பெற்றது. பட்டினியால் வாடிய ஆயிரக்கணக்கான நாட்டுப்புற மக்கள் மதீனாவைச் சூழ்ந்து குடியேறினர். அன்றைய கலீபா ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் விரிவாகப் பதிந்துள்ளனர்.

முதலாவதாக, தம் சொந்த உணவைக் குறைத்தார்கள். மக்கள் செழிப்படையும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என உறுதி பூண்டார்கள். எண்ணெயோடு ரொட்டி உண்டு அவர்களின் மேனியே நிறம் மாறியது. இரண்டாவதாக, உபரி இருந்த ஷாம், இராக் பகுதிகளிலிருந்து தானியம் தருவித்து, அரசின் பொறுப்பில் அடுப்பு மூட்டி மக்களுக்கு உணவளித்தார்கள். மூன்றாவதாக, அவ்வாண்டு ஸக்காத் வசூலிப்போரை அனுப்பாது நிறுத்திவைத்தார்கள். மழை பெய்து நிலம் பசுமையான பின்பே இரண்டு ஆண்டுகளின் ஸக்காத்தையும் சேர்த்து வாங்கி, ஒரு பாதியை அவ்வூர் ஏழைகளுக்கே பங்கிட்டு, மறுபாதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்காவதாக, பசியினால் திருடியவனுக்குத் திருட்டுக் குற்றத்தின் தண்டனையை நிறைவேற்றவில்லை. சமூகம் தன் கடமையைச் செய்யாதபொழுது தனிமனிதனை மட்டும் தண்டிப்பது நீதியாகாது என்பது இதனால் விளங்குகின்றது.

வறட்சியில் வரியைத் தள்ளிவைத்துச் செலவைப் பெருக்குவதும், செழிப்பில் நிலுவையை வாங்கிக் களஞ்சியத்தை நிரப்புவதும் இருபதாம் நூற்றாண்டுப் பொருளியல் அறிஞர்கள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் இந்த ஓராண்டு வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி நம் காலத்துக்கு இன்னும் நெருக்கமானது. பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆயினும் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே அது உரியது என்று விதி இருந்தது. ஒருநாள் இரவு நகர்வலம் வந்த கலீபா, ஓயாது அழும் ஒரு குழந்தையின் குரலைக் கேட்டு விசாரித்தார்கள். உதவித்தொகையைப் பெறுவதற்காகக் குழந்தைக்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்க முயல்வதாக, பேசுகிறவர் யாரென்று அறியாமலே அத்தாய் கூறினாள். கலீபாவின் உள்ளம் நடுங்கியது. தம் விதியினால் எத்தனை பச்சிளங்குழந்தைகள் மாண்டனவோ என்று கலங்கி, மறுநாளே பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் தொகை உண்டென அறிவிக்கச் செய்தார்கள்.

எவ்வளவு பெரிய பாடம்! விதியை எழுதியவரின் எண்ணம் கெட்டதன்று. பணத்தை வீணாக்காது தேவையானவருக்கு மட்டும் கொடுக்கவே அது எழுதப்பட்டது. ஆனால் அவ்விதி அடுப்படியில் போய் என்ன செய்கிறது என்பதை ஏட்டைப் பார்த்து அறிய முடியாது. இரவில் நடந்து கேட்டால்தான் அறிய முடியும். இன்று நம் நாட்டிலும் உதவி பெறுவோரைப் பட்டியல் போட்டுப் பிரிக்கிறார்கள். அஸ்வெசும தொடங்கியபொழுது நான்கு பிரிவுகள் வகுக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை எனத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. வீடு எத்தகையது, மின்சாரம் எவ்வளவு, வாகனம் உண்டா என்றெல்லாம் வினாக்கள் கேட்டுப் புள்ளியிட்டனர். பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். நேற்றுவரை நன்றாக வாழ்ந்து இன்று தொழிலிழந்தவனின் வீட்டுச் சுவர் இன்னும் கல்லாகத்தான் இருக்கும். அடுப்பு மட்டுமே அணைந்திருக்கும். சுவரைப் பார்த்துப் புள்ளி இடுகிறவர் அடுப்பைக் காண்பாரா?

தொகை எழுத்தில் மாறாதிருக்க, அதன் பெறுமதி தேய்வதும் ஒருவகைக் குறைப்பேயாகும். நம் பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபாத் தொகை அப்படியே இருந்தது; விலைவாசி ஏறிக்கொண்டே போனது. சட்டம் எதுவும் மாறாமலேயே ஏழையின் பங்கு சில ஆண்டுகளில் பெருமளவு தேய்ந்து போயிற்று. இதற்கு மாறாக, 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே அடியில் உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். வெளிப்படையாக வெட்டினால் மக்கள் எழுகின்றனர். சத்தமின்றித் தேயவிட்டால் எவரும் எழுவதில்லை. ஆகவே சத்தமின்றித் தேய்வதையே நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"களஞ்சியமே காலியாக இருக்கும்பொழுது கலீபா உமரின் வழியைப் பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் அரசாங்கத்தின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்பது சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வந்த வருமானத்திலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கு வட்டிக்கே போயிற்று. வட்டியை இறைவன் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்பதை விளக்க இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச்சில் மருந்தின்றி அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதும், காகிதமின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதும் அந்நியச் செலாவணி இன்மையால் நேர்ந்தவை. பணத்தை அச்சிட்டே சமாளிக்க முனைந்ததன் விளைவை விலைவாசியில் கண்டோம். ஆகவே எதையுமே குறைக்கக்கூடாது என்று நான் வாதிடவில்லை. எதை முதலில், எதைக் கடைசியில், எதை ஒருபோதும் குறைக்கக்கூடாது என்ற வரிசையைப் பற்றியே பேசுகின்றேன்.

அவ்வரிசையை நம் இமாம்கள் வகுத்துத் தந்துள்ளனர். கருவூலம் வெறுமையாகிவிட்டால் ஸக்காத்துக்கு மேலும் செல்வர்மீது வரி விதிக்கலாமா என்ற வினாவுக்கு, தேவை உண்மையாயின் விதிக்கலாம் என்றே இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாதிபி (ரஹ்) போன்றோர் இசைந்தனர். ஆனால் நிபந்தனை உண்டு. 1260இல் மொங்கோலியப் படை மிஸ்ரை நெருங்கிய வேளையில் போருக்காக மக்களிடம் பணம் திரட்ட விரும்பினார் சுல்தான் குதுஸ். ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், அமீர்கள் தம்மிடமுள்ள பொன்னாபரணங்களையும் ஆடம்பரப் பொருள்களையும் விற்று, பொதுமக்களுக்குச் சமமாக வந்த பின்னரே மக்களிடம் கை நீட்டலாம் எனத் தீர்ப்பளித்தார்கள். பகைவன் வாசலில் நிற்கும்போதுகூட அந்த வரிசையை மாற்ற அவர்கள் ஒப்பவில்லை.

இந்த அளவுகோலை நம் காலத்தின்மீது வைத்துப் பாருங்கள். பெறுமதி சேர் வரி பொருள் வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே விகிதத்தில் வாங்கப்படுகிறது. பல இலட்சம் சம்பாதிப்பவன் தன் வரவில் ஒரு பகுதியையே செலவிடுகிறான். கூலிக்காரனோ கிடைத்தது அனைத்தையும் செலவிடுகிறான். ஆகவே வரவோடு ஒப்பிட்டால் கூலிக்காரனே கூடுதலாகச் சுமக்கிறான். ஸக்காத்தோ இதற்கு மாறானது. உண்டது போக, நிஸாப் அளவுக்கு மேல் ஓராண்டு தங்கிய செல்வத்திலேயே நூற்றுக்கு இரண்டரை கேட்கிறது. ஏழையின் வயிற்றில் வரி இல்லை. செல்வனின் பெட்டகத்தில்தான் வரி. அரசாங்கம் மார்க்கச் சட்டத்தை ஏற்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தங்கிக் கிடக்கும் செல்வத்தை முதலில் நாடுங்கள், அன்றாடம் காய்ச்சியின் பருப்பையும் சீனியையும் கடைசியில் நாடுங்கள் என்ற நீதியையே கேட்கிறோம். நாணய நிதியத்தின் உடன்படிக்கையிலும் ஏழைகளுக்கான பணவுதவி ஒரு குறித்த அளவுக்குக் கீழே இறங்கலாகாது என அடிவரம்பு இடப்பட்டது. அவ்வரம்பு போதுமானதா, விலைவாசியோடு உயர்கின்றதா என்று கேட்பது ஒவ்வொரு குடிமகனின் உரிமை.

அரசாங்கத்தைக் கேட்கும் நாவு தன் வீட்டையும் கேட்க வேண்டும். "அரசாங்கம் கைவிட்டால் என்ன, நம் ஸக்காத் இருக்கிறதே" என்று சிலர் பெருமை பேசுகின்றனர். ஓர் ஊரின் ஸக்காத்தினால் விதவைக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம். மாணவனின் கட்டணத்தைச் செலுத்தலாம். மாவட்ட வைத்தியசாலையை நடத்த இயலுமா? குழாய்நீர் கொடுக்க இயலுமா? மேலும், வைத்தியசாலை வாங்கில் நமக்கு அருகே அமர்ந்திருக்கும் சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் நம் அயலவர்களே. பிச்சையெடுத்து நின்ற யூத முதியவரைக் கண்டு பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவி வழங்கச் செய்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். பொதுச்சேவை என்பது எல்லோருக்கும் உரிய பைத்துல்மால். அதனைக் காப்பதும் இபாதத்தின் ஒரு கூறேயாகும்.

ஆகவே அன்பர்களே, வரியை ஏய்த்துவிட்டு உம்ராவுக்குப் புறப்படுகிறவர் தாம் எவருடைய மருந்துக் காசோடு பயணம் செய்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசியையும் பால்மாவையும் பதுக்கியவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதுக்குவோனைக் குற்றவாளி எனக் கண்டித்ததை நினைக்கட்டும். தகுதியின்றி நிவாரணப் பட்டியலில் இடம்பிடித்தவர் விலகிக்கொள்ளட்டும். அவ்விடம் ஓர் அனாதைக்கு உரியது. பள்ளிவாசல் நிர்வாகிகள் தத்தம் மஹல்லாவில் பட்டியலிலிருந்து விடுபட்டவர் யார் என அறிந்து, எழுத வாசிக்கத் தெரியாதோருக்கு மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துப் பிரதேச செயலகம் வரை துணை செல்லட்டும். இஷாத் தொழுகைக்குப் பின் வீதியில் இரண்டு பேர் நடந்து, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டறியட்டும். கலீபா நடந்த நடை அது.

நாடு மெல்ல மீண்டு வருகின்றது. 2024இல் பொருளாதாரம் மறுபடியும் வளர்ச்சி கண்டது. இனி வருவது செழிப்பின் ஆண்டுகளாயின், யூஸுப் (அலை) அவர்களின் கதிர்மணிகளை மறவாதிருப்போம். களஞ்சியத்தைச் செழிப்பில் நிரப்பும் ஆட்சியைக் கேட்போம். பஞ்சத்தில் அதன் கதவை ஏழையின் முகத்தில் சாத்தாத ஆட்சியைக் கேட்போம். நம் இல்லங்களின் பெட்டகங்களையும் அவ்வாறே நடத்துவோம். பசித்த அயலவனை மறந்து வயிறாற உண்போரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காது, பொறுப்பறிந்து கொடுப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.